கொக்குவிலும் உறைகுளமும்

கொக்குவில் என்னும் பெயரைக் கேட்கும் வெளியூரார் பலர் வில்லையும் அம்பையுமே நினைப்பர். யாழ்ப்பாணத்தார்க்கு அந்த மயக்கம் இல்லை. இங்கே வில் என்பது மாரிநீர் தேங்கும் பள்ளம், சிறு குளம். இணுவில், கோண்டாவில், நந்தாவில் என இப்பக்கத்து இடப்பெயர்கள் பலவும் அவ்வாறே முடிகின்றன. சிங்களத்தாரும் நீர்நிலையை 'வில' என்பர். ஆகவே கொக்குகள் வந்திறங்கிய குளத்தை உடைய ஊர் கொக்குவில் ஆயிற்றென்று கொள்வதில் தடையொன்றும் இல்லை.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் ஊர் வந்துவிடும். புகையிரத நிலையமும் உண்டு. 1990ஆம் ஆண்டிலே போரினால் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2014ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வரையும், 2015ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரையும் மீண்டும் வந்தபொழுது, இந்தச் சிறிய நிலையமும் தன் பழைய ஓசையைப் பெற்றது. மஞ்சவனப்பதி முருகன் கோயில் இவ்வூரின் பெருமை. ஒரு காலத்தில் சுருட்டுக் கைத்தொழில் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சோதிடப்பிரகாச யந்திரசாலையிலிருந்து வெளிவந்த பஞ்சாங்கமும் நூல்களும் கொக்குவிலின் பெயரைத் தமிழ் வீடுகள்தோறும் கொண்டு சென்றன. 1910ஆம் ஆண்டிலே தோன்றிய கொக்குவில் இந்துக் கல்லூரி தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஆளாக்கியது. 1987 ஒக்டோபரிலே அக்கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்த மக்களிற் பலர் போரிலே உயிரிழந்ததையும் இவ்வூர் மறந்துவிடவில்லை.

நாம் இன்று எழுதப் புகுந்தது இவ்வூரின் வரலாறு அன்று. விளையாட்டுக் கழகம் என்னும் ஒன்றைப் பற்றியது. யாழ்ப்பாணத்து ஊர்களை அறிந்தவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் ஒரு சனசமூக நிலையம், அதன் முன்னறையிலே பத்திரிகை விரித்த நீண்ட மேசை, அதனைச் சார்ந்து இளைஞர் கூடும் ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு வெறும் வளவு. அவ்வளவிலே பற்றை வெட்டி, கல் பொறுக்கி, மேடு தட்டி, இரண்டு பக்கமும் கம்பம் நாட்டினால் அது மைதானம் ஆகிவிடும். உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் அங்கே நடக்கும். இத்தகைய கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் வென்ற கிண்ணங்களையே எண்ணிக்கொண்டிருப்பர். பற்றை வெட்டியவர் பெயரை எவரும் குறித்துவைப்பதில்லை. எமது நோக்கிலே, கழகம் என்பது பெரும்பாலும் அவர்தாம்.

இனி எமது உறவினர் வீட்டிலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். கனடாவிலே ரொறன்ரோ மாநகரிற் பிறந்த சிறுவன் ஒருவன் விடுமுறைக்குக் கொக்குவில் வந்திருந்தான். அவனுடைய பையிலே கறுப்பு இறப்பர் வட்டு ஒன்று இருந்தது. வட்டென்றால் கையகலம், ஓர் அங்குலத் தடிப்பு, தூக்கினால் எதிர்பாராத கனம். அஃது என்னவென்று எவரும் கேட்கும் முன்னரே அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மப்பா, இந்த ஊர்க் குளம் எப்ப உறையும்?"

"அது உறையாது மோனை. வத்தும்."

பிள்ளை நம்பவில்லை. அவன் கண்ட குளங்கள் யாவும் மார்கழியில் உறைந்து, அவற்றின்மேல் மனிதர் நடப்பர்; ஓடுவர்; விளையாடுவர். அவனுக்கு அதுவே குளத்தின் இயல்பு. எமக்கோ, பனி என்பதே விடியற்காலையிற் புல்நுனியிலே நிற்கும் நீர்த்துளி. "பனிக்குள்ளே திரியாதே, தலையை மூடு" என்று வீட்டுப் பெரியவர் கண்டிக்கும் பனி அதுதான். உறைந்த நீரை நாம் அறிந்தது மீன்சந்தைப் பெட்டியிலும் ஐஸ்பழத்திலும் மாத்திரமே. வானத்திலிருந்து எப்போதாவது விழும் ஆலங்கட்டியை எம்முன்னோர் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். ஆனால், ஒரு குளம் முழுவதும் கல்லாவதைப் பார்த்துப் பெயரிட அவர்களுக்கு வாய்ப்பு ஏது?

அந்த வாய்ப்பு எம்மவர்க்கு வந்த விதம் மகிழ்ச்சியானதன்று. 1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் பல்லாயிரவர் கடல்கடந்தனர். 1986 ஓகஸ்டிலே நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே தத்தளித்த 155 தமிழரைக் கனடாவின் மீனவர் காப்பாற்றியதை வாசகர் அறிவர். கொக்குவிலிலே பிறந்த எழுத்தாளர் அ. முத்துலிங்கம் பல நாடுகளிலே பணிசெய்து ஈற்றிற் குடியேறியதும் கனடாவிலேதான். அந்நாட்டிலே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குளிர்காலத்துத் தேசிய விளையாட்டு ஹொக்கி. புல்தரையில் ஆடும் ஹொக்கியன்று. பனிக்கட்டியின்மேற் சறுக்கி ஆடும் ஹொக்கி. அந்தச் சிறுவனின் வட்டு அதற்கு உரியது.

ஆட்டம் இதுதான். ஒரு பக்கத்துக்குக் கோல் காப்பாளர் உட்பட 6 பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. கூரிய இரும்பு அலகு பூட்டிய சப்பாத்தணிந்து, நீண்ட வளைதடியால் வட்டைத் தள்ளி எதிர்ப்பக்கத்து வலைக்குள் செலுத்த வேண்டும். முழு அளவுக் களம் ஏறக்குறைய 60 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். 1875 மார்ச்சு 3ஆம் நாள் மொன்றியல் நகரிலே கூரையின் கீழ் நடந்த ஆட்டத்தையே இன்றைய முறைக்கு முதலாகக் கொள்வர். கூரைகளும் குளிர்ப்பொறிகளும் வந்த பின்னரும் கனடாவின் தந்தைமார் பலர் குளிர்கால இரவுகளிலே வீட்டுப் பின்வளவில் நீர்க்குழாயோடு நிற்கும் வழக்கம் ஒழியவில்லை. நீரைப் பாய்ச்சி, உறையவிட்டு, மறுபடியும் பாய்ச்சிப் பிள்ளைக்குக் களம் அமைத்துக் கொடுப்பர். உலகப் புகழ்பெற்ற வெய்ன் கிரெற்ஸ்கி, பிரான்ற்போர்ட் நகரிலே தந்தையார் அவ்வாறு அமைத்த பின்வளவுக் களத்திற்றான் பழகினார்.

இஃதெல்லாம் வெண்பனி நாட்டார் கதை, எம்முடைய பக்கத்திலே இத்தகைய கழகம் எங்கே இருக்கப் போகின்றது என்று மாணவர் கேட்கக்கூடும். இருக்கிறது. பாரத நாட்டிலே, நூறாண்டு கடந்த கழகம் ஒன்றும், அதனினும் வறிய நிலையிலே தோன்றி அதனினும் உயர்ந்த கழகங்கள் சிலவும் உள. வாசகரை எழுத்தின் வழியாக அங்கே அழைத்துச் செல்வோம். கம்பளிச் சட்டை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலாலி விமான நிலையம் 2019ஆம் ஆண்டில் வெளிநாட்டுச் சேவைக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் கொக்குவிலாருக்குச் சென்னை மிக அண்மையாயிற்று. சென்னையிலிருந்து டில்லி; டில்லியிலிருந்து இமயத்தின் அடிவாரத்துக் கால்கா. அங்கே 1903ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட சிறு புகையிரதம் காத்திருக்கும். தண்டவாளத்தின் இடைவெளி இரண்டரை அடி. பாதையின் நீளம் 96 கிலோமீற்றர். நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளிவந்து, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, அது சிம்லாவை அடையும். வெள்ளையர் ஆட்சியிலே கோடைத் தலைநகராயிருந்த ஊர் அது. உயரம் ஏறக்குறைய 2,200 மீற்றர். எமது நுவரெலியாவை விட உயர்ந்தது, பிதுருதலாகலையை விடச் சிறிது தாழ்ந்தது என்றால் விளங்கும்.

இங்கே 1920ஆம் ஆண்டிலே பிளெசிங்டன் என்பார் ஒரு புதுமை செய்தார். குளிர்கால இரவிலே வெளியில் விட்ட நீர் உறைந்து கிடப்பதைக் கண்டு, டெனிஸ் ஆடும் களத்தின்மேல் நீரை விட்டு உறையச்செய்து, அதன்மேற் சறுக்கலாம் என்று காட்டினார். அவ்வாறு தோன்றியது சிம்லாப் பனிச்சறுக்குக் கழகம். பொறியில்லை, கூரையில்லை. இன்றும் இயற்கையின் குளிரே அதன் மூலதனம்.

களம் அமைக்கும் முறை கவனிக்கத் தக்கது. மாலையிலே ஆட்டம் முடிந்தபின் பணியாளர் களத்தைத் துடைப்பத்தாற் கூட்டுவர். பின்னர் குழாய் கொண்டு நீரை மென்மையாகத் தெளிப்பர். ஒரே முறையிற் குடம் குடமாக ஊற்றினால் மேற்பரப்பு மாத்திரம் உறைந்து உள்ளே பொள்ளல் விழும். ஆகவே, எம்மூரிற் சாணம் மெழுகுவது போல மெல்லிய படையாக இட்டு, அது இறுகியபின் அடுத்த படையிட வேண்டும். இரவு எவ்வளவு குளிர் என்பது மட்டும் போதாது. வானம் தெளிவாகவும் இருக்க வேண்டும். மேகமற்ற இரவிலே நிலம் தன் வெப்பத்தைத் தங்குதடையின்றி வான்வெளிக்கு விட்டுவிடும். மேகம் கவிந்தால் அது போர்வை போலாகி வெப்பத்தைத் தடுத்துவிடும். ஆதலால் சிம்லாவின் சறுக்குவோர், வெண்பனி பொழிவதைக் கண்டு மகிழும் உல்லாசப் பயணிகளைப் போன்றவரல்லர். பனி பொழிந்தால் அவர்களுக்கு அன்று விடுமுறை. நட்சத்திரம் தெரியும் இரவையே அவர்கள் வேண்டுவர்.

மார்கழியிலே தொடங்கி மாசி வரையும் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை களம் திறக்கப்படும். கழகத்தார் இந்த முறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கு வைப்பர். எங்கள் வீடுகளிலே மழை பெய்த நாள்களை எண்ணுவது போன்ற கணக்கு அது. முன்னைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அண்மைக் காலத்திலே அந்த எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டது. குளிர்காலம் வெதுவெதுப்பாகின்றது, நகரம் மலைச்சரிவெங்கும் கட்டிடமாகப் பெருகிவிட்டது, மரங்கள் குறைந்துவிட்டன. வெள்ளையர் போனபின்பும் நிலைத்த கழகத்தை இப்பொழுது விரட்டுவது வெயில். குளிர்ப்பொறி வைத்த களம் வேண்டும் என்ற பேச்சு அங்கே நெடுங்காலமாக உண்டு. பொறி வைத்தாலும் எல்லாம் ஆகிவிடாது என்பதற்கு அதே இமயச் சாரலிலுள்ள தேராதூன் நகரமே சாட்சி. 2011ஆம் ஆண்டின் தென்னாசியக் குளிர்கால விளையாட்டுக்காக அங்கே பெரும் பொருட்செலவிற் கட்டிய உள்ளரங்கக் களம், பராமரிக்கும் செலவைத் தாங்குவாரின்றிப் பல்லாண்டு பூட்டிக் கிடந்து, 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் பயனுக்கு வந்தது.

சிம்லாவை விட்டு இன்னும் வடக்கே செல்வோம். லடாக்கின் தலைநகர் லே. உயரம் ஏறக்குறைய 3,500 மீற்றர். பிதுருதலாகலையின்மேல் இன்னும் ஆயிரம் மீற்றர் அளவு ஏறி நிற்பதாக எண்ணிக்கொள்க. குளிர்காலத்திலே மலைக்கணவாய்களைப் பனி மூடிவிடுவதால் பெரும்பாலோர் விமானத்திலேயே போவர். இறங்கியவுடன் நடக்கவும் பேசவும் மூச்சு வாங்கும். ஓரிரு நாள் படுத்திருந்து உடலைப் பழக்கவேண்டும். அத்தகைய காற்றிலே ஓடிச் சறுக்கி விளையாடுவோரைக் காண எமக்கே மூச்சு முட்டும். மழை அரிது, வானம் நீலம், தை மாதத்து இரவிலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரையும் இறங்குவதுண்டு.

இங்கே களம் என்பது டெனிஸ் திடலன்று, உண்மையான குளம். லடாக்கிலே ஊர்தோறும் மலையிலிருந்து உருகிவரும் நீரைத் தேக்கிவைக்கும் சிறு குளங்கள் உண்டு. அவர்களுடைய வில் என்று சொல்லலாம். நீர் 4 பாகையிலேதான் மிகுந்த அடர்த்தி உடையது. அதனினும் குளிர்ந்த நீர் கனம் குறைந்து மேலே மிதக்கும். அந்த மேற்படையே முதலில் உறையும். ஆகவே குளம் மேலிருந்து கீழ்நோக்கி உறைகின்றது. அடியிலே நீர் நீராகவே இருக்கின்றது. பாடநூலிற் படித்து மறந்த இந்த இயல்பினாலேதான் குளத்தின்மேல் மனிதர் ஓடுவதும், அதனடியில் மீன் உயிரோடிருப்பதும் ஒருங்கே இயலுகின்றன.

1970களிலே அங்கு நிலைகொண்டிருந்த படைவீரர் பொழுதுபோக்காக இவ்வாட்டத்தை ஆடினர் என்பர். அதைக் கரையில் நின்று பார்த்தனர் ஊர்ப் பிள்ளைகள். பார்த்த பிள்ளைகளுக்குச் சறுக்குச் சப்பாத்துக்கு வழி ஏது? படையினர் கழித்த பழைய சப்பாத்துகளின் அடியிலே இரும்புத் தகட்டை ஒட்டுவித்துக் கொண்டனர். வளைதடிக்கு வளைந்த மரக்கிளை. வட்டுக்குத் தேய்ந்த சப்பாத்தின் இறப்பர்க் குதி. கோல் காப்பாளரின் காலுக்குக் கிரிக்கெற் ஆட்டத்துக் கவசம். நல்ல சப்பாத்துகள் சில வந்தபின்னரும் அவை எல்லோர்க்கும் போதவில்லை. ஓர் அணி ஆடி முடித்துக் கழற்றிக் கொடுக்க, அடுத்த அணி அதையே மாட்டிக்கொண்டு இறங்கும். பாதத்துக்குப் பெரிதானால் இன்னொரு சோடி காலுறை. சிறிதானால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். தென்னை மட்டையாற் கிரிக்கெற் ஆடி, பழந்துணியைச் சுருட்டிப் பந்து செய்த எமது வாசகர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

1985ஆம் ஆண்டிலே லடாக் குளிர்கால விளையாட்டுக் கழகம் தோன்றியது. 1989ஆம் ஆண்டிலே இந்தியா உலக ஹொக்கிச் சம்மேளனத்தில் உறுப்புரிமை பெற்றது. கர்ஸூ என்னும் லே நகரத்துக் குளம் போட்டிகளுக்கு நிலைக்களமாயிற்று. லடாக்கியப் படைப்பிரிவு, எல்லைக் காவற்படை, ஊர்க் கழகங்கள் என அணிகள் பெருகின. ஆயினும் ஆடுவோர் எவரும் அதனாற் சம்பளம் பெற்று வாழ்பவர் அல்லர். படைவீரர், மாணவர், ஆசிரியர், மலையேற்ற வழிகாட்டிகள் ஆகியோரே ஆட்டக்காரர். பருவம் ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குள்ளேயே பழக்கம், போட்டி, தெரிவு எல்லாம் முடியவேண்டும். எஞ்சிய பத்து மாதமும் உருளைச் சக்கரச் சப்பாத்தோடு தார்வீதியிலே ஓடிப் பழகுவோரும் உளர்.

குளத்துக் களத்திலும் இரவு வேலை உண்டு. பகலிலே அலகுகள் கீறிய கீறலெல்லாம் மறுநாளைக்கு நிரவப்பட வேண்டும். பனிக்கட்டியிலே துளையிட்டு, அடியிலுள்ள நீரை வாளியால் அள்ளியோ குழாயால் இறைத்தோ மேலே பரப்புவர். கைவிரல் விறைத்துப்போகும் அந்த வேளையிலே நீரோடு நிற்பவர் கூலியாட்கள் அல்லர், நாளைக்கு ஆடவிருப்பவரே. சூரியன் ஏறினால் மேற்பரப்பு இளகும். ஆதலால் விடியற்காலையிலேயே ஆட்டம். கரையிலே தடித்த மேலங்கி போர்த்த முதியோர் வெந்நீர்க் குடுவைகளோடு இருந்து பார்ப்பர். உப்பும் வெண்ணெயும் இட்ட அவர்களுடைய தேநீர் எமது நாவுக்கு உடனே பிடிக்காது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

2009ஆம் ஆண்டிலே இந்திய ஆடவர் அணி முதன்முறையாக அனைத்துலகப் போட்டிக்குச் சென்றது. எங்கே? பனிமலை நாட்டுக்கு அன்று. அரபுப் பாலைவனத்து அபுதாபிக்கு! எண்ணெய்ச் செல்வம் உள்ள நாடு வெயிலின் நடுவே பொறியால் நீரை உறையவைத்திருந்தது. குளத்திலே பழகியவர் முதன்முறையாகச் சமதளமான, நாற்புறமும் அரண் அடைத்த முழு அளவுக் களத்திலே கால்வைத்தனர். தோல்வி வந்ததில் வியப்பில்லை.

பெண்களின் கதை இன்னும் கடினம். இரண்டு மாதமே நிலைக்கும் பனிக்கட்டியிலே முதல் உரிமை ஆடவர் அணிகளுக்கு. மிஞ்சிய வேளையே பெண்பிள்ளைகளுக்கு. அண்ணன்மாரின் சப்பாத்தை இரவல் வாங்கிப் பழகியோர் பலர். 'பெண்பிள்ளைக்கு இது எதற்கு' என்னும் கேள்வி எம்மூரில் மாத்திரம் கேட்கப்படுவதன்று. அவர்களுக்கு அனைத்துலகப் போட்டிக்குச் செல்லப் பொருளும் இருக்கவில்லை. பொதுமக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய நன்கொடையே துணையாயிற்று. கோல் காப்பாளராக நின்ற நூர் ஜகான், பழைய மடங்களின் சுவரோவியங்களையும் துணிச்சித்திரங்களையும் செப்பனிடும் கலையைத் தொழிலாக உடையவர். நூற்றாண்டு கண்ட வர்ணத்தைத் தூரிகை நுனியாற் காக்கும் கை, பாய்ந்துவரும் இறப்பர் வட்டையும் தடுக்கின்றது.

இவ்விடத்திலே வாசகரைச் சிறிது நேரம் ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். பல்கேரியா என்னும் நாடு குளிர் உடையது, மலை உடையது. சோபியா நகரிலே சிலாவியா, லெவ்ஸ்கி முதலிய பழைய கழகங்கள் உண்டு. 1960ஆம் ஆண்டிலே உலகச் சம்மேளனத்திற் சேர்ந்த அந்நாட்டு ஆடவர், 1976ஆம் ஆண்டில் இன்ஸ்புறூக் நகரத்து ஒலிம்பிக்கிலும் ஆடினர். ஆனால் களங்கள் சில; ஆடுவோர் சிலர்; பெரும்பாலும் தொழில்முறையற்றவர். 2008 செப்டெம்பர் 6ஆம் நாள் இலத்வியாவின் லியபாயா நகரிலே ஒலிம்பிக் தகுதிக்கான ஆட்டமொன்றில் அந்நாட்டுப் பெண்கள் சிலோவாக்கியரை எதிர்த்தனர். முடிவு 82க்குப் பூச்சியம். அறுபது நிமிடத்திலே 82 என்றால் ஏறக்குறைய 44 விநாடிக்கு ஒன்று. பல்கேரியர் எதிர்வலையை நோக்கி ஒரு முறையேனும் வட்டை அடிக்கவில்லை. உலகப் பத்திரிகைகள் அதனை நகைப்புக்குரிய செய்தியாக வெளியிட்டன. நாம் கவனிக்க விரும்புவது மற்றொன்று. அந்தத் தொடரிலே எல்லா ஆட்டங்களிலும் தோற்ற அவ்வணி கலைந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டிலே உலகப் போட்டியின் கீழ்ப்பிரிவு சோபியாவிலேயே நடந்தபொழுது, தம் ஊரார் முன்னிலையில் மீண்டும் களத்தில் இறங்கினர். 82ஐ வாங்கிய பின்னர் சப்பாத்து வாரை மறுபடியும் இழுத்துக் கட்டுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை, பாடசாலைப் போட்டியில் ஒரு முறையாவது பெருந்தோல்வி கண்ட மாணவர் உணர்வர்.

லடாக்குப் பெண்களும் தோல்வியிலேயே தொடங்கினர். 2016ஆம் ஆண்டிலே தாய்பே நகரில் இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாக ஆடியது, வெற்றி கிட்டவில்லை. மறு ஆண்டு பாங்கொக்கிலே பிலிப்பைன்சு அணியை வென்றனர். அதுவே முதல் வெற்றி. அன்று அவர்கள் கண்ணீர் பெருக நாட்டுக் கீதம் பாடிய காட்சியைப் படத்திற் கண்டோர் பலர். 2018 சனவரியிலே கனடாவின் புகழ்பெற்ற வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லே நகருக்கே வந்து, பிள்ளைகளோடு பனிக்கட்டியில் இறங்கிப் பழக்கினார். நான்கு ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற அவர், வானமே கூரையான களத்திலே ஆடினார். கனடாக் குழுவினர் கொண்டுவந்த கவசங்களும் சப்பாத்துகளும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டன.

2024 பெப்ரவரியிலே இந்திய அரசின் குளிர்கால விளையாட்டு விழா முதன்முறையாக லடாக்கிலே நடந்தது. ஊர்களிலே சிறுமியர் அணிகள் தோன்றிவிட்டன. ஆயினும் அங்கும் குளிர்காலம் முன்போல் இல்லை. உறைவதற்குப் பிந்துகின்றது, உருகுவதற்கு முந்துகின்றது. இரண்டு மாதப் பருவத்திலே ஒரு வாரம் குறைந்தால் அது சிறு இழப்பன்று. அதிலும், இருக்கும் பனிக்கட்டி சுருங்கும்பொழுது முதலிற் குறைவது யாருடைய வேளை என்பதைச் சொல்லத் தேவையில்லை. குளிர்ப்பொறிக் களம் லே நகருக்கு வேண்டும் என்று ஆடுவோர் கேட்பது ஆடம்பரத்துக்காக அன்று. பொறியை ஓட்ட மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். தேராதூனின் பூட்டும் அவர்களுக்கு நினைவிருக்கும்.

2025ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே அரபு நாட்டு அல்-ஐன் நகரில் ஆசியக் கிண்ணப் போட்டி நடந்தது. அல்-ஐன் ஒரு பாலைவனச் சோலை. யூன் மாத வெயிலிலே அங்கு பகலில் வெளியே நடமாடுவோர் குறைவு. அந்நகரத்தின் குளிரரங்கிலே இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கம் பெற்றனர். மலையிலிருந்து இறங்கிப் பாலைவனத்துக்குச் சென்று அவர்கள் பனிக்கட்டியைத் தேடிக்கொண்டார்கள்.

அதே நாள்களில் அவர்களுடைய ஊர்க் குளங்களிலே பனிக்கட்டியின் சுவடும் இராது. வேனில் பிறந்ததும் அவை இளகி, கரையில் வாத்துகள் வந்திறங்கிவிடும். மாரியில் எந்த நீரின்மேற் பிள்ளைகள் ஓடினரோ அந்த நீருக்கு மடை திறந்து, ஊரார் முறைவைத்து வாற்கோதுமை வயல்களுக்குப் பாய்ச்சுவர். மார்கழியிலே அது மறுபடியும் நிறைந்திருக்க வேண்டும் என்ற கவலை விவசாயிக்கு ஒன்று, கழகத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று.